தவிலுக்கு ஏது சம்பளச் சீட்டு?

பட்டுக்கோட்டைக்காரர்களுக்கு விசாவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதிராம்பட்டினம், மதுக்கூர், பேராவூரணி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பிழைக்கப் போன ஒருவர் இல்லாத தெரு அபூர்வம். பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட்டில், வேலைக்குப் போகுமுன் அரசு அனுமதி தேவை என்னும் ஈ.சி.ஆர். விழும், மெடிக்கல் தேறினால்தான் ஸ்டாம்பிங் நடக்கும், ஏஜென்ட் கையில் பணம் கொடுக்கும் முன் லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதெல்லாம் இங்கே திண்ணைப் பேச்சு. அப்படிப்பட்ட ஊரிலும் இரண்டு கேள்விகளைக் கேட்டால் டிராவல்ஸ் நடத்துகிறவர் யோசிப்பார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று நம் பக்கத்து மேளக்காரர் ஒருவரை ஒரு மாதம் வந்து வாசித்துவிட்டு, மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகும்படி கூப்பிட்டால், அவர் எந்த விசாவில் போவார்? கனடாவில் பிறந்த தமிழ்ப் பெண் ஒருத்தி, தஞ்சை மாவட்டத்து வித்வான் வீட்டிலேயே தங்கி இரண்டு வருஷம் நாதஸ்வரம் கற்க ஆசைப்பட்டால், அவள் எந்த விசாவில் வருவாள்?

சட்டத்தில் இதற்குப் பதில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பதில் ஒவ்வொன்றும் முதலில் ஒரு நிறுவனத்தின் பெயரைக் கேட்கிறது. அழைப்பது எந்த நிறுவனம், கற்பிப்பது எந்த நிறுவனம், சம்பளம் தருவது எந்த நிறுவனம் என்று கேட்டு, அதற்கான காகிதம் வந்த பிறகுதான் ஆளைப் பார்க்கிறது. காவிரிப் படுகையின் கலைகளோ வீட்டுத் திண்ணையிலும் கோயில் பிராகாரத்திலும் வளர்ந்தவை. லெட்டர்ஹெட் இல்லாமலே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தவை. பண்பாட்டுப் பரிமாற்றம் என்ற பெயரில் உலகம் முழுவதும் எழுதப்பட்டுள்ள விசா விதிகள், எந்தக் கலைக்குப் பரிமாற்றம் மிகவும் தேவையோ அதையே வாசலில் நிறுத்திவைக்கின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையின் குற்றச்சாட்டு. அதைச் சரிசெய்யப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். கலைக்கு ஏற்கெனவே இருக்கும் அத்தாட்சியை விசா அதிகாரி ஏற்றுக்கொள்ளும்படி செய்தால் போதும்.

வந்துபோகும் பழக்கம் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. மல்லிப்பட்டினம் கடற்கரையில் நிற்கும் மனோராவை 1814–15இல் கட்டியவர் இரண்டாம் சரபோஜி. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக அவர் எழுப்பிய கோபுரம் அது. ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸிடம் பாடம் கேட்டு வளர்ந்த அந்த மன்னரின் அரண்மனையில் மேற்கத்திய வாத்தியங்கள் ஒலித்தன. இன்று கர்நாடக இசைக் கச்சேரியில் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வயலினும் வெளியிலிருந்து வந்த வாத்தியம்தான். கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதை. தஞ்சைப் பகுதியின் நாதஸ்வர, தவில் வித்வான்கள் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்குப் போய் வாசித்தார்கள்; சிலர் அங்கேயே தங்கிக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் போக்குவரத்தில் விளைந்த இணுவில் தெட்சணாமூர்த்தியின் தவிலை, 1950களிலும் 60களிலும் தஞ்சைக்காரர்களே மெய்மறந்து கேட்டார்கள். எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போன காலம் அது. 1948இல் இலங்கை குடிவரவுச் சட்டம் இயற்றி, மறு ஆண்டே அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் தண்டவாளத்தோடு கொண்டுபோனது. அதன் பின் வந்த போர் மிச்சத்தையும் அறுத்தது. புயலையும் போரையும் நாம் மறக்கவில்லை. அவற்றுக்கும் முன்பே விழத் தொடங்கிய காகிதத் தடையைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

காகிதம் சரியாக அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. தஞ்சை அரண்மனைக் கலைஞர்களின் வழியில் வந்த வீணை தனம்மாளின் பேரன் டி. விஸ்வநாதன், 1958இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய்ப் புல்லாங்குழல் வாசித்தார், கற்பித்தார். அவருடைய அண்ணன் டி. ரங்கநாதன் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார். அங்கே மாணவராக இருந்த ஜான் ஹிக்கின்ஸ் இந்த இசையில் விழுந்து, அதே ஃபுல்பிரைட் வழியாகச் சென்னை வந்து, அந்தக் குடும்பத்திடமே பாட்டுக் கற்றார். திருவையாற்று ஆராதனையில் பாடினார். ஊர் அவரை ஹிக்கின்ஸ் பாகவதர் என்று அழைத்தது. 1984இல் விபத்தில் அவர் இறந்தபோது நம் சங்கீத உலகம் தன் வீட்டு ஆளை இழந்ததாகவே துக்கப்பட்டது. இந்த வரலாற்றை மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பயணங்களுக்குப் பின்னால் இரண்டு அரசுகள் 1950 பிப்ரவரி 2ஆம் தேதி கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தமும், அதை நடத்த ஓர் அலுவலகமும் இருந்ததைச் சேர்த்துச் சொல்வதில்லை. அந்த அலுவலகம் அவர்களுக்காகக் கடிதம் எழுதியது, உதவித்தொகைக்குப் பொறுப்பேற்றது. அப்படி ஓர் அலுவலகம் கிடைக்காமல் வராமலே போனவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு கிடையாது, ஏனென்றால் வராதவர்களை யாரும் பதிவு செய்வதில்லை.

முதலில் நம் வீட்டு வாசலைப் பார்ப்போம். மற்ற நாடுகளைக் குறை சொல்லும் தகுதி அதற்குப் பிறகுதான் வரும். இந்தியாவின் சுற்றுலா விசா ஒரு விதத்தில் தாராளமானது. மொழி, இசை, நடனம், கைவினை, சமையல் ஆகியவற்றில் குறுகிய காலப் பயிற்சி பெறலாம் என்று விதியே சொல்கிறது. கூடவே மூன்று கட்டுகளும் போடுகிறது. பயிற்சி ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, முறைப்படுத்தப்பட்ட பாடத்திட்டமாக இருக்கக் கூடாது, முடிவில் தகுதிச் சான்றிதழோ டிப்ளமோவோ தரக் கூடாது. சுற்றுலா இ-விசாவில் வருபவர் ஓர் ஆண்டில் மொத்தமாகவே 180 நாள்தான் தங்க முடியும். பத்து நாள் கோலம் போடக் கற்க இது போதும். நாதஸ்வரத்துக்குப் போதாது. சீவாளியில் சுத்தமாக ஒரு ஸ்வரம் நிற்பதற்கே மாதக்கணக்கில் ஊத வேண்டும். ஆறு மாதத்தில் உதடு பழகும் நேரத்தில் விசா முடிந்துவிடும். சரி, மாணவர் விசா எடுக்கலாமே என்றால், அதற்கு அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிறுவனத்தின் சேர்க்கைக் கடிதம் வேண்டும். 2025இல் தொடங்கிய இ-மாணவர் விசாவுக்கு 'ஸ்டடி இன் இந்தியா' தளத்தில் பதிவு எண்ணும் வேண்டும். திருவையாறு அரசு இசைக் கல்லூரி அந்தக் கடிதத்தைத் தரலாம். நரசிங்கம்பேட்டைக்கோ திருவாவடுதுறைக்கோ பக்கத்தில், மூன்று தலைமுறையாக வாசிக்கும் குடும்பத்தின் பெரியவர் தர முடியாது. அவரிடம் பல்கலைக்கழக இணைப்பு எண் கிடையாது.

ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது என்ற ஒரு வரி எத்தனை பேரைப் பாதியில் எழுப்பி அனுப்புகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். லண்டனிலோ டொரண்டோவிலோ சூரிச்சிலோ வளரும் ஈழத்தமிழர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பரதமும் மிருதங்கமும் பாட்டும் வாரக் கடைசி வகுப்பாகவே தொடங்குகின்றன. அவர்களில் ஆர்வம் முற்றியவர்கள் குருவைத் தேடி இங்கே வருகிறார்கள். முன்னோர் இந்தியக் குடிமக்களாக இருந்தவர்களுக்கு ஓ.சி.ஐ. அட்டை உண்டு, கல்விக்குத் தடை இல்லாமல் எத்தனை வருஷமும் தங்கலாம். பாட்டனும் பூட்டனும் யாழ்ப்பாணத்தவர் என்றால் பெரும்பாலும் அந்த அட்டை கிடைக்காது. மொழி ஒன்று, குரு ஒருவர், பாடம் ஒன்று. அட்டை உள்ள பிள்ளை வருஷக்கணக்கில் உட்கார்ந்து கற்கிறது. மற்றது சுற்றுலாப் பயணியாக வந்து, நாள் எண்ணிக் கற்று, நடுவில் எழுந்து போகிறது.

கற்பிக்க வருபவருக்கு நிலைமை இன்னும் கடினம். வேலை விசாவுக்கு ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய் சம்பளம் இருக்க வேண்டும் என்பது பொது விதி. இதிலிருந்து தன் நாட்டு உணவைச் சமைக்க வரும் சமையல்காரருக்கு விலக்கு உண்டு. ஆங்கிலம் தவிர்த்த மொழிகளைக் கற்பிக்கும் ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உண்டு. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் மாதம் 10,000 ரூபாய் வரை மதிப்பூதியம் பெற்று உழைப்பவருக்கும் தனி வழி இருக்கிறது. இசை கற்பிக்க வருபவருக்கென்று இந்தப் பட்டியலில் ஓர் இடம் இல்லை. இணுவிலில் தவில் வாசிக்கும் ஒருவர் தெட்சணாமூர்த்தியின் வாசிப்பு முறையைத் தஞ்சைப் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் இருந்து சொல்லித்தர வந்தால், 16 லட்சம் சம்பளம் எந்த இசைப்பள்ளி தரும்? இந்த விதி யாரையும் பகைத்து எழுதப்பட்டதல்ல. எழுதியவர்களுக்கு அப்படி ஒருவர் வரக்கூடும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். தோன்றாததை எடுத்துச் சொல்வது நம் கடமை.

இனி வெளியே போகிறவரின் பாடு. அமெரிக்காவில் தனித்தன்மை கொண்ட பண்பாட்டுக் கலைகளுக்கென்றே பி-3 என்ற விசா பிரிவு 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. பெயரைக் கேட்டால் நம் பெரிய மேளத்துக்காகவே செய்ததுபோல் இருக்கிறது. ஆனால் கலைஞர் நேராக விண்ணப்பிக்க முடியாது. அங்குள்ள ஓர் அமைப்போ முகவரோ மனுப் போட வேண்டும், வல்லுநர்களின் சான்றுக் கடிதங்கள் சேர்க்க வேண்டும், அங்குள்ள கலைஞர் தொழிற்சங்கத்தின் கருத்தும் வேண்டும். 460 டாலராக இருந்த மனுக் கட்டணம் 2024 ஏப்ரல் 1 முதல் 1,015 டாலர் ஆகிவிட்டது. இலாப நோக்கமற்ற கோயில் அழைத்தால் 510. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதி என்று ஒரு செட்டுக்கு ஆறு பேர். தூதரகத்தில் தலைக்கு 205 டாலர் என்றால் அது 1,230. சலுகைக் கட்டணத்தில் போனாலும் 1,740 டாலர் ஆகிறது, டிக்கெட்டுக்கு முன்பே, விசா கிடைக்குமா என்று தெரிவதற்கும் முன்பே. பெரிய சபாக்கள் இதைத் தாங்கும். இரண்டு அறையில் கோயில் நடத்தும் சின்ன ஊர்த் தமிழ்ச் சங்கம் தாங்காமல், பதிவு செய்த மங்கல இசையை ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளும்.

பணத்தைவிடப் பெரிய தடை நேர்காணல் கண்ணாடிக்கு முன்னால் இருக்கிறது. 1952ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு, தற்காலிக விசா கேட்டு வரும் ஏறக்குறைய எல்லோரையும் நிரந்தரமாகத் தங்க வருபவராகவே முதலில் கருதச் சொல்கிறது. அப்படி இல்லை என்று நிரூபிப்பது விண்ணப்பிப்பவர் பொறுப்பு. பல்கலைக்கழகப் பரிமாற்றத்துக்கான ஜே-1 விசாவுக்கும் இதே நிலைதான். திரும்பி வருவேன் என்பதற்கு வழக்கமாகக் காட்டுவது சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, வங்கி இருப்பு, சொத்துப் பத்திரம். ஒரு தவில் கலைஞரின் வருஷத்தை எடுத்துப் பாருங்கள். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தம் குவியும், மார்கழியிலும் ஆடியிலும் கல்யாண வேலை நின்றுபோகும், நடுநடுவே கோயில் திருவிழா வரும். அச்சாரம் கையில் வாங்குவது, மீதி தாம்பூலத்தட்டில் வருவது. வருமானம் உண்டு, அதற்கு ரசீது இல்லை. ஊரில் வீடு உண்டு, பத்திரம் அப்பா பெயரில் இருக்கும். மனைவி மக்கள், சொந்தக் கோயில், அடுத்த மாதம் ஒத்துக்கொண்ட பதினைந்து கல்யாணம் என்று அவரைப் போல ஊரோடு கட்டுண்டவர் இல்லை. அத்தனையும் அதிகாரி கேட்கும் வடிவத்தில் இல்லாததால் கணக்கில் வருவதில்லை. மலேசியா என்றால் இன்னொரு முடிச்சு. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு வாத்தியத்தை எடுத்தவருக்கு ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்தான். ஈ.சி.ஆர். நாடுகளின் பட்டியலில் மலேசியா இருப்பதால், கோயில் வேலை விசாவில் போகும் வித்வானுக்கும் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி முத்திரை வேண்டும். தொழிலாளியை ஏமாற்றுக்காரரிடமிருந்து காக்க வந்த நல்ல சட்டம் அது. கலைஞரை அது படிக்காதவராக மட்டும் பார்க்கிறது.

இதற்கு வரும் மறுப்புகளில் கனமானதை முதலில் எடுக்கிறேன். கலைக்குழு என்ற பெயரில் ஆள் கடத்துகிறார்களே என்பது வெறும் சந்தேகம் அல்ல. வடக்கே இதற்குக் கபூதர்பாஜி என்றே பெயர். 1998, 1999இல் அமெரிக்கா போன பயணங்களில் பத்துப் பேரைக் குழுவினர் என்று சொல்லி அழைத்துப்போய் விட்டுவந்ததாகப் பாடகர் தலேர் மெஹந்தி மீது வழக்கு நடந்தது. 2018இல் பாட்டியாலா நீதிமன்றம் இரண்டு ஆண்டு தண்டனை விதித்தது. 2022இல் மேல்முறையீட்டில் அது உறுதியாகி, அதே ஆண்டு உயர் நீதிமன்றத்தால் நிறுத்திவைக்கப்பட்டது. இந்த வழக்கைக் காட்டிக் கதவை இன்னும் இறுக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. அந்தப் பத்துப் பேருக்கும் விசா கிடைத்ததென்றால் காகிதம் சரியாக இருந்திருக்க வேண்டும். காகிதத்தைத் தயாரிக்க முடிந்தவர்கள் கடந்துபோகிறார்கள். தயாரிக்கத் தெரியாத உண்மையான கலைஞர் மாட்டிக்கொள்கிறார். அதே சமயம், வாசிப்பைப் போலக் கள்ளம் செய்ய முடியாத சான்று வேறு இல்லை. தவில்காரரின் வலக்கை விரல்களில் துணியும் பசையும் சேர்த்து இறுக்கிய கூடு, இடக்கையில் பூவரசங்கழி. கூட்டைக் கழற்றிப் பார்த்தால் விரல் முனை பல வருஷக் காய்ப்பில் தடித்திருக்கும். ஒரு மோரா வைத்துத் தீர்மானம் வாசிக்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் ஆள் யார் என்று தெரிந்துவிடும். குழுவில் ஒட்டிக்கொண்டு ஊர் தாண்ட வந்தவரால் அந்த ஐந்து நிமிடத்தைத் தாண்ட முடியாது.

ஆனால் தூதரக அதிகாரி தவில் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியுமா? முடியாது, சொல்லவும் வேண்டாம். அந்த வேலையை அகில இந்திய வானொலி எவ்வளவோ காலமாகச் செய்துகொண்டிருக்கிறது. 1939இல் தொடங்கிய திருச்சி நிலையம் நம் பக்கத்து வித்வான்களைக் குரல் தேர்வு, வாத்தியத் தேர்வு வைத்து எடுத்து, பி, பி-ஹை, ஏ, ஏ-டாப் என்று தரம் பிரித்து வைத்திருக்கிறது. சிபாரிசைவிடக் காதை நம்பிக் கொடுக்கிற கிரேடு அது. இந்தியக் கலாசார உறவுக் குழுவும் கலைஞர்களைத் தரவரிசையோடு பட்டியலிடுகிறது. நாட்டுப்புறக் கலைஞருக்கு நல வாரிய அட்டை உண்டு. தஞ்சாவூரிலேயே தென்னகப் பண்பாட்டு மையம் 1986 முதல் இருக்கிறது. இந்த நான்கும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் தனித்தனியே கிடக்கின்றன. வானொலி கிரேடு உள்ள கலைஞரின் கலைத் தொழிலையும் சராசரி ஆண்டு வருமானத்தையும் உறுதிசெய்து, பண்பாட்டு மையம் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தால், அதை மற்ற நாடுகள் ஏற்க வேண்டும் என்று நம் வெளியுறவுத் துறை பண்பாட்டு ஒப்பந்தங்களில் கேட்கலாம். இதே கிரேடு உள் வாசலுக்கும் உதவும். ஏ கிரேடு பெற்ற வித்வானோ சங்கீத நாடக அகாதமி விருதாளரோ ஒருவரைச் சீடராக ஏற்றேன் என்று எழுதிக் கொடுத்தால், அதைச் சேர்க்கைக் கடிதத்துக்குச் சமமாக மதித்து மாணவர் விசா தரலாம்.

பாதுகாப்பு என்ன ஆவது என்று உள்துறை கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான். 2025 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நான்கு பழைய சட்டங்களின் இடத்தில் வந்திருக்கிறது. 180 நாளுக்கு மேல் தங்கும் விசாவில் வருபவர் பதினான்கு நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். குரு வீட்டில் தங்கும் சீடருக்கும் இது பொருந்தும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சுற்றுலாப் பயணியாக வந்துபோகும் ஒருவரைவிட, இன்ன வித்வான் வீட்டில் இன்ன வாத்தியம் கற்கிறார் என்று பதிவான ஒருவரை அரசுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். ஆகவே சீடருக்கு மாணவர் விசா தருவது கண்காணிப்பைக் கூட்டத்தான் செய்யும். உள்ளூர்க் கலைஞர் வாய்ப்பு போய்விடும் என்ற கவலை மலேசியாவிலும் அமெரிக்கத் தொழிற்சங்கங்களிலும் உண்டு. அதை நான் லேசாகத் தள்ளவில்லை, அங்கே பிறந்து வாசிக்கும் பிள்ளைக்கும் மேடை வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க ஒருவர் முதலில் போயாக வேண்டும். ரங்கநாதன் போகாமல் வெஸ்லியனில் மிருதங்கம் ஏது?

முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டாம். பிரிட்டன், அனுமதிச் சீட்டுத் தேவைப்படாத விழாக்கள் என்று ஒரு பட்டியலே வெளியிட்டிருக்கிறது. அந்த விழாக்களில் வாசிக்க வரும் வெளிநாட்டுக் கலைஞர் வருகையாளர் விசாவிலேயே வந்து ஊதியமும் பெறலாம். திருவையாற்று ஆராதனை, சிதம்பரத்திலும் தஞ்சைப் பெரிய கோயிலிலும் நடக்கும் நாட்டியாஞ்சலி, சென்னை மார்கழிக் கச்சேரிகள் ஆகியவற்றை வைத்து இந்தியா அப்படி ஒரு பட்டியல் போட்டால் யாருக்கு என்ன நட்டம்? நமக்கு இன்னும் பக்கத்தில் இலங்கை இருக்கிறது. அதன் ஈ.டி.ஏ. என்ற இணையவழிப் பயண அனுமதி முறையில் வணிகப் பயணம் என்ற பிரிவுக்குள் இசை, நடன நிகழ்ச்சிகளில் பங்கேற்பதையும் சமய நிகழ்ச்சிகளில் பங்கேற்பதையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள், இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. நல்லூரில் 25 நாள் திருவிழா நடக்கும்போது தஞ்சைப் பக்கத்து மேளம் அந்தக் கப்பலில் போவதற்கு அவர்கள் விதியில் வழி வைத்துவிட்டார்கள். எதிர்த் திசையில், ஒரு யாழ்ப்பாணத்து செட் பட்டுக்கோட்டை நாடியம்மன் கோயிலில் வந்து வாசிக்க, நம் இ-விசாவின் அனுமதிப் பட்டியலில் அதே இரண்டு வரிகளைச் சேர்க்க வேண்டும். அதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டாம், உள்துறையின் ஓர் ஆணை போதும். மாநிலக் கலை பண்பாட்டுத் துறையும் தஞ்சாவூர் மையமும் சேர்ந்து கேட்டு எழுத வேண்டிய கடிதம் அது. அடுத்த திருவிழாக் காலத்துக்குள் எழுதிவிட முடியும்.